மூன்று தலை நாகமும் அத்தையின் தாம்பூலமும்

அட்டையில் மூன்று தலை நாகம் ஒன்று வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதன் எதிரே பறக்கும் குதிரையில் ஓர் இளவரசன், கையில் வாள். பெங்களூரில் மில் வேலை பார்த்த மாமா, ஜூஜுவாடியில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பொரிகடலைதான் கொண்டுவருவார். அந்தத் தடவை செங்கல் கனத்துக்கு இந்த மாயாஜாலக் கதைப் புத்தகம். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அட்டையில் இருந்த நாகம் கதையில் ஒரு தலையைக்கூடக் காட்டவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தனை வயதாகியும் அது எனக்கு ஆறவில்லை.

புத்தகத்தைப் பார்த்து என்னைவிடச் சந்தோஷப்பட்டது அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. ஆனேக்கல்லில் உறவுக்காரர் வீட்டில் வளர்ந்தவள் என்பதால் கன்னடம் கடகடவென்று படிப்பாள். தமிழ் பேசுவாளே தவிர ஓர் எழுத்து தெரியாது. "நீ படி, நான் கேக்கறேன்" என்றாள். சும்மா கேட்கவில்லை. புத்தகத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பலகையில் நிறுத்தி, விளக்கேற்றிச் சூடம் காட்டிய பிறகுதான் முதல் பக்கத்தைத் திறக்கவிட்டாள். அம்மா சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். மறுவாரம் அவர் சிரிக்கவில்லை.

மறுவாரம் தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து அத்தையை நிச்சயம் செய்ய வந்தார்கள். மாப்பிள்ளைக்கு நிலம் நிறைய இருந்தது. மீசை பாதி நரைத்திருந்தது. முதல் மனைவி இறந்துவிட்டாள். அவள் பெற்ற பெண்ணே அத்தையின் தோள் உயரம் வளர்ந்திருந்தாள். அத்தைக்குப் பத்தொன்பது வயது. வேண்டாம் என்று அழுது பார்த்தாள், அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தாம்பூலத் தட்டைத் தூக்கப்போகிற நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணா, வெளக்கேத்திப் படிக்க ஆரம்பிச்ச கதை பாதியில நிக்குது. இப்பத் தாம்பூலம் மாத்தினா ஆவுமா?"

எங்கள் பக்கத்தில் பாரதம் படிக்க ஆரம்பித்தால், படித்து முடிக்கும்வரை ஊரில் யாரும் நல்ல காரியம் வைப்பதில்லை. பாரதத்துக்கு உள்ள கட்டுப்பாடு பறக்கும் குதிரைக்கும் உண்டா என்பது யாருக்கும் தெரியவில்லை. அப்பா திருதிருவென்று விழித்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்தான் பயந்துபோனார். ஏற்கெனவே ஒரு மருமகளைப் பறிகொடுத்த வீடு.

"எந்தக் கதையா இருந்தா என்னா, வெளக்கேத்தியாச்சு. படிச்சு முடிச்சுடுங்க. ஆனா மார்கழி பொறக்கறதுக்குள்ள எல்லாம் முடியணும். இல்லன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறோம்" என்று எழுந்துவிட்டார். அப்போது ஐப்பசி பிறந்திருந்தது.

அன்றிலிருந்து என் உயிரை வாங்கிவிட்டாள் அத்தை. ஒரு பக்கம் முடிந்தால், "திரும்பப் படி, காதுல சரியா உழல" என்பாள். செவ்வாய், வெள்ளியில் படிக்கக் கூடாது. அமாவாசையில் கூடாது. ராகி அறுப்பு வந்தது, அப்போதும் கூடாது. எனக்கோ ஆத்திரம். இளவரசன் ஏழு மலை தாண்டி வந்து, அரக்கனின் குகை வாசலில் ஒரு வாரமாகக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நான் திருட்டுத்தனமாகப் படித்துவிடாதபடி புத்தகத்தைத் தன் தகரப் பெட்டியில் பூட்டிவைத்திருந்தாள். சாயங்காலம் எடுத்துத் தரும்போது மீதிப் பக்கங்களை இரண்டு விரலால் பிடித்துப் பார்ப்பாள். கார்த்திகை பாதி போன பிறகும் மூன்றில் ஒரு பங்கு கனமாக மிச்சமிருந்தது. அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. கோலம் போடும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். அப்பாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். குகைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியவேண்டியிருந்தது. இளவரசன் வாளை உருவினான். அரக்கன் கர்ஜித்தான். அடுத்த வரியில் யாரோ இளவரசனின் காதைப் பிடித்துத் திருகினார்கள். அவன் கண்ணைத் திறந்தான். எதிரே கணக்கு வாத்தியார் நின்றார். அவன் இளவரசனே இல்லை. வகுப்பில் தூங்கிப்போன ஒரு பையன். மலை, குதிரை, குகை எல்லாமே கனவு. கீழே 'முற்றும்' என்று போட்டிருந்தது.

பச்சைப் பிள்ளைகளை இப்படியும் ஒரு மனிதன் ஏமாற்றுவானா?

"அப்பறம்?" என்றாள் அத்தை.

"அவ்ளோதான். முடிஞ்சிபோச்சு."

அவள் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கினாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. படபடவென்று புரட்டி, தெரியாத எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். "பொய் சொல்ற. இவ்ளோ எழுதியிருக்குதே, இது என்னா?"

தலைவலித் தைலம் என்று படித்தேன். இது? கூந்தல் தைலம். இது? பேதி மாத்திரை. மிச்சமிருந்த அத்தனை பக்கமும் விளம்பரம். "எல்லாத்தையும் படி" என்றாள். படித்தேன். சொறிக்கும் மூலத்துக்குமான மருந்துகளை, கதை படிக்கிற அதே குரலில். அவள் கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. பின்னட்டை வந்துவிட்டது.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "கதை முடிஞ்சிருச்சும்மா. காலையில ஆள் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. மார்கழி பிறக்குமுன் தாலியும் ஏறிவிட்டது.

கல்யாணம் எனக்கு அவ்வளவாக நினைவில்லை. கதை முடிந்த அந்தச் சாயங்காலம்தான் அப்படியே இருக்கிறது. அத்தை அடுக்குப் பானைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அவளுக்கும் என்னைப் போலவே கதை ஏமாற்றிவிட்ட வருத்தம் என்று நினைத்தேன். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அழாத அத்தே. இளவரசனுக்கு ஒண்ணும் ஆவல. அவன் பத்திரமா பள்ளிக்கூடத்துலதான் இருக்கறான்."

"அவனுக்கென்னா, முழிச்சிக்கிட்டான்" என்றாள்.

அத்தைக்கும் அவன் மேல்தான் கோபம் என்று தெரிந்ததும் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியது.