பாதிப் படகு

டாக்னி ஸ்ட்ரோம் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தேவாலயத்துக்குப் போனாலும் கதவோரமாக நின்றுதான் பிரசங்கம் கேட்பாள். கடைசிப் பாட்டுக்கு முன்பே கீழே படகுத்துறையில் இருப்பாள். நங்கூரம் போட்ட படகிலும் டாக்னி மட்டும் போய்க்கொண்டே இருப்பாள் என்று அவளுடைய மீன்பிடி ஊரான பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கேலி உண்டு.

பத்தொன்பது வயதில் படகு வேலைக்கு ஏறியவள். இருபத்தேழு வருஷத்தில் பதினான்கு படகுகள் மாறிவிட்டாள். ஒரு கேப்டன் படகை விற்பான், இன்னொருவன் முழங்கால் போய்க் கரையேறுவான், மூன்றாமவன் மகனுக்கு இடம் வேண்டும் என்பான். ஒவ்வொரு முறையும் டாக்னி பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகுக்கு நடந்தாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்தது. புருஷன் ஐடஹோவில் நிலம் வாங்கி, உருளைக்கிழங்கு போடலாம் வா என்றான். போனாள். பதினோராவது நாள் திரும்பிவிட்டாள். கேட்டவர்களிடம், "அங்க தரை நகரவே மாட்டேங்குது" என்று மட்டும் சொன்னாள்.

நாற்பத்தாறு வயதில், அந்த வசந்தத்தில், சொந்தப் படகு வாங்கினாள். ஹால்வர் லுண்டே என்ற கிழவர் குளிர்காலத்தில் இறந்துபோயிருந்தார். சியாட்டிலில் இருந்த அவருடைய மகள் அப்பாவின் தூண்டில் படகை விற்றாள். நாற்பத்துநாலு அடி நீளம், மரக்கட்டு, பெயர் 'ஆஸ்ட்ரிட்'. ஏப்ரலிலிருந்தே டாக்னி அதில் குடியேறிவிட்டாள். எஞ்சினைப் பிரித்துப் பூட்டினாள், தூண்டில் கம்பங்களுக்கு எண்ணெய் பூசினாள், அழுகிய பலகைகளை மாற்றினாள். பெரிய ராஜா சாமன் மீனைப் பிடிக்கும் பருவம் ஜூலை முதல் தேதி திறக்கும். ஒரு வாரம்கூட நிற்காது, இத்தனை மீன்தான் என்று அரசு விதித்த கணக்கு நிறைந்ததும் மூடிவிடுவார்கள். வருஷ வருமானத்தில் பாதி அந்த ஐந்தாறு நாளில்தான் இருக்கிறது.

ஜூன் பதினெட்டாம் தேதி வெர்னா போன் செய்தாள். ஊரில் படகுப் பத்திர வேலையெல்லாம் பார்ப்பவள் அவள். டாக்னியோடு பள்ளியில் படித்தவள்.

"டாக்னி, நின்னுக்கிட்டா இருக்க?"

"வேற எப்படி இருப்பேன்?"

"இன்னைக்காவது உக்காருடி. வில்லங்கம் போட்டுப் பாத்தாச்சு. நீ வாங்கினது பாதிப் படகுதான்."

ஐந்து டன்னுக்கு மேல் கொள்ளளவுள்ள மீன்பிடிப் படகு மைய அரசின் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். அது இல்லாமல் தூண்டிலைத் தண்ணீரில் விட முடியாது. படகு கட்டிய நாளிலிருந்து எத்தனை கை மாறியதோ அத்தனைக்கும் பத்திரம் கேட்பார்கள். ஒன்று விட்டுப்போனாலும் புது உரிமையாளர் பெயரில் ஏறாது. ஆஸ்ட்ரிட்டின் பதிவில் இரண்டு பெயர்கள் இருந்தன: ஹால்வர் லுண்டே, ஆர்விட் லுண்டே. அண்ணன் தம்பி, சரிபாதி. தம்பியின் பாதி யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படவே இல்லை.

"ஹால்வரோட பொண்ணு, சித்தப்பா எப்பவோ எழுதிக் குடுத்துட்டார்னாளே?"

"அவளோட அப்பா அவகிட்ட அப்படித்தான் சொல்லியிருக்கார். ஆனா பத்திரம்னு ஒண்ணு இல்ல."

"அந்த மனுஷன் உயிரோட இருக்காரா?"

"எண்பத்தாறு வயசு. கெட்சிக்கன்ல, முதியோர் இல்லத்துல. போன்ல கேட்டேன், படகுன்னதும் வச்சிட்டார். நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்டுக் குடுத்தாலும் பதிவு வர எத்தனை நாள் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. வரிசையில நிக்கணும்."

அன்று முழுவதும் டாக்னி துறைமுகத்தில் மேலும் கீழுமாக நடந்தாள். மாற்றிய பலகைகளை எண்ணிப் பார்த்தாள். அவற்றில் எந்தப் பாதி தன்னுடையது என்று யோசித்தபோது சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே ஆத்திரமும் வந்தது. அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் விமானத்தில் இடம் கிடைத்தது; கெட்சிக்கன் போய்விட்டாள்.

முதியோர் இல்லம் மேட்டில் இருந்தது. கீழே சுற்றுலாக் கப்பல்கள் நான்கு மாடிக் கட்டடங்களைப் போலக் கரையை மறைத்துக்கொண்டு நின்றன. ஆர்விட் ஜன்னலோரம் தொலைநோக்கியோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர், கை மட்டும் பெரிது. அவள் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நடு உத்திரத்துல பதிவு நம்பர் செதுக்கியிருக்கு. பாத்தியா?"

"பாத்தேன். கடைசி எண் கோணலா இருக்கு."

"அது நான் செதுக்கினது. அண்ணன் கையில உளி நிக்காது." பெருமையாகத்தான் சொன்னார். "பாதி என்னோடது. கையெழுத்துப் போட மாட்டேன்."

"நாப்பது வருஷமா நீங்க அதுல கால்கூட வைக்கலைன்னு ஊரே சொல்லுதே, ஐயா."

"வைக்கலைன்னா என்னோடது இல்லைன்னு ஆயிடுமா?"

டாக்னி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்க ஆரம்பித்தாள். பத்தடி அறை. நான்கு எட்டு போனால் சுவர்.

"உக்காரும்மா. உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"எனக்குப் பருவம் திறக்க ஆறு நாள்தான் இருக்கு."

"எனக்கு எத்தனை நாள் இருக்குன்னு யாரும் சொல்லல. ஆனா நான் உக்காந்துதானே இருக்கேன்?"

வெளியே வந்தாள். மழை. அந்த ஊரில் மழை இல்லாத நாள் எது? நனைந்தபடி மூன்று படகுத்துறைகளையும் சுற்றினாள். ஒவ்வொரு படகிலும் யாரோ கொக்கி கட்டிக்கொண்டிருந்தார்கள், பனிக்கட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கத்தில் எழுதியிருந்த பெயரையும் ஊரையும் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனாள். திரும்பி வந்தபோது ஆர்விட் தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் காலையில் பொறுமை போய்விட்டது.

"உங்களுக்கு என்னதான் வேணும்? படகு வேணுமா? வாங்க, ஏத்திக்கிட்டுப் போறேன். இல்ல, எனக்குக் குடுக்கக் கூடாதுங்கறதுதான் உங்க ஆசையா?"

ஆர்விட் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரே அளவான காகிதங்கள், ரப்பர் வளையம் போட்ட கட்டு. எல்லாம் ஒரே பதிவுச் சான்றின் நகல்கள். வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர்கள்.

"வருஷா வருஷம் பதிவப் புதுப்பிச்சதும் அண்ணன் இதை அனுப்புவான். கடுதாசி கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. இது மட்டும்தான்."

"எதுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? நாங்கதான் பேசிக்கலையே." கட்டுக்கு ரப்பர் வளையத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டே மேலே சொன்னார். "குடிப்பேன் அப்போ. என்னோட முறையில தூங்கிட்டேன், படகு பாறையில ஏறிடுச்சு. அவனுக்கு மூணு விலா எலும்பு போச்சு. கரைக்கு வந்ததும் என் பையைத் தூக்கித் துறையில வச்சான். அவன் செஞ்சது சரிதான். அதை ஒத்துக்கவே எனக்கு இருபது வருஷம் ஆச்சு. ஒத்துக்கிட்டதை அவன்கிட்ட போய்ச் சொல்லல. அவ்வளவுதான்."

டாக்னி நின்றுவிட்டாள். தன் மகளிடம் எல்லாம் எழுதி வாங்கியாயிற்று என்று சொன்ன அதே ஹால்வர், நாற்பது வருஷமாக இந்தக் காகிதத்தை உறையிலிட்டு அஞ்சல் தலை ஒட்டியிருக்கிறார்.

"நான் கையெழுத்துப் போட்டா," என்றார் ஆர்விட், "அவன் விட்டு வச்ச என் பேரை நானே அழிச்ச மாதிரி ஆயிடும்."

ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது. தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"இருபத்தேழு வருஷம், பதினாலு படகு. ஒரு காகிதத்துலயும் என் பேரு இல்ல. உங்களுக்காவது நாப்பது இருக்கு. பாதி எனக்கு வேண்டாம், ஐயா. உங்களோட சேர்ந்தும் வேண்டாம். எனக்கு முழுசா வேணும். பொய் சொல்லி வாங்கிட்டுப் போக இஷ்டமில்ல."

"படகோட பேரை என்ன பண்ணுவ?"

"மாத்தணும்னுதான் இருந்தேன்."

கிழவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "ஆஸ்ட்ரிட் எங்க அம்மா. அவங்களுக்குத் தண்ணின்னாலே பயம். அறுபது வருஷமா அவங்களைக் கடல்ல இழுத்துக்கிட்டுத் திரியறோம். மாத்து, மாத்து. பாவம், இறங்கிக்கட்டும்."

சரி என்று அப்போதும் சொல்லவில்லை. நோட்டரி வியாழக்கிழமைதான் இல்லத்துக்கு வருவாள். "அதுவரைக்கும் என்னைத் துறைக்குக் கூட்டிட்டுப் போ, பாக்கலாம்" என்றார்.

கடல் ஓதம் இறங்கி, மிதக்கும் துறையும் தாழ்ந்திருந்த நேரம். துறைக்கு இறங்கும் பாலம் ஏணி மாதிரி செங்குத்தாகக் கிடந்தது. டாக்னியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக இறங்கினார். கீழே போனதும் ஒரு படகையும் விடவில்லை. இவன் கயிறு கட்டின லட்சணத்தைப் பார், இது படகா சோப்புப் பெட்டியா, அந்தக் கம்பம் இந்தப் பருவம் தாங்காது. கொக்கி கட்டிக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து முறைத்தான்.

"கிழவா, உன் படகு எங்க?"

டாக்னியின் தோளில் ஆர்விட்டின் கை ஒரு முறை அழுந்தியது.

"இவளோடது பீட்டர்ஸ்பர்க்ல நிக்குது," என்றார். "நான் சும்மா கூட வந்தேன்."

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நோட்டரி முன்னிலையில் கையெழுத்துப் போட்டார். பேனாவை உளி மாதிரி பிடித்து, அடிக்காகிதத்தில் தடம் விழும்படி அழுத்தி எழுதினார். டாக்னி பத்திரத்தை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். "ஓடு, ஓடு, உன் கால் ஏற்கனவே வாசலுக்குப் போயாச்சு" என்றார். அது உண்மைதான்.

வெர்னா அன்று மாலையே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டாள். பெயர் மாற்ற இன்னொரு படிவம், இன்னும் கொஞ்சம் தாமதம் என்றாள். "விடு. இப்ப எது சீக்கிரம் வருமோ அதைப் பண்ணு" என்று டாக்னி சொல்லிவிட்டாள்.

ஜூலை முதல் தேதி பதிவு வரவில்லை. துறைமுகம் காலியானது. எட்டு வருஷம் அவளை வேலைக்கு வைத்திருந்த லைல் கிளம்பும் முன் ஆஸ்ட்ரிட்டின் அருகில் படகை நிறுத்தினான்.

"டாக்னி, ஒரு ஆள் குறையுது. பையைத் தூக்கிட்டு வா. ஆறு நாள் வேலை. சும்மா நின்னு பைத்தியம் பிடிச்சிடப் போகுது உனக்கு."

அவளுடைய கை பையை எடுக்கப் போனது. பழக்கம். "இல்ல லைல். இந்த வருஷம் நான் யாருக்கும் ஆள் இல்ல."

"படகுக்காரியும் இல்லையே இன்னும்?"

"ஆமா. ரெண்டும் இல்ல. நீ போ."

அந்த ஆறு நாட்கள் அவளுக்கு ஐடஹோவின் பதினோரு நாட்களைவிட நீளம். கழுவிய தளத்தையே கழுவினாள். கட்டிய கொக்கிகளை அவிழ்த்துக் கட்டினாள். வானொலியில் மற்றவர்கள் மீன் எண்ணிக்கை சொல்வதைக் கேட்டாள், அணைத்தாள், மறுபடியும் போட்டாள். தபால் நிலையத்துக்குத் தினம் இரண்டு தடவை போனாள், பெட்டி காலி. பருவம் மூடியது. லைல் நிறைந்த படகோடு வந்து, ஒரு பெரிய மீனை அவளுடைய தளத்தில் போட்டுவிட்டுப் போனான். அதைத் தின்னவும் மனமில்லை, எறியவும் மனமில்லை; கடைசியில் வெர்னாவுக்குக் கொடுத்தாள்.

ஜூலை பத்தொன்பதாம் தேதி உறை வந்தது. தபால் நிலைய வாசலிலேயே கிழித்தாள். படகின் பெயர், ஊர், நம்பர். உரிமையாளர் என்ற இடத்தில் ஒரே பெயர். மூன்று முறை படித்தாள், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துவிட்டு நான்காவது முறையும் படித்தாள். ஒரு மணி நேரத்தில் பனிக்கட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ராஜா சாமன் போய்விட்டது, கோஹோ என்ற சின்ன சாமன் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் தனியாக, சாதாம் நீரிணையின் வாயில் தூண்டில்களை இறக்கினாள். பத்து நிமிடம் பொறுக்கவில்லை, இழுத்தாள். ஒன்றுமில்லை. இரண்டு மைல் தள்ளிப் போனாள். இறக்கினாள், இழுத்தாள். தெற்கே போனாள். சுற்றிலும் மற்ற படகுகள் ஒரே கோட்டில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. மத்தியானம் வரை அவளுக்குக் கிடைத்தது பதினேழு மீன்.

வானொலியில் லைல் கூப்பிட்டான். "ஆஸ்ட்ரிட், ஆஸ்ட்ரிட். டாக்னி, மீன் வாயைத் திறக்கறதுக்குக்கூட நேரம் குடுக்க மாட்டியா? கொக்கியைக் காட்டிட்டு ஓடற. அதுங்க எங்க படகுக்கு வந்து உன்னப் பத்திப் புகார் சொல்லுதுங்க."

"கேப்டன்னு கூப்பிடு," என்றாள் டாக்னி. தூண்டில்களை ஏற்றிவிட்டு, மேற்கே இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாம் என்று சுக்கானைத் திருப்பினாள்.