மேட்டுக் கிரவுண்டில் பழகிய கை

"…அதனால பந்தும் வேணாம், ஒன்னும் வேணாம். புள்ளைய இனிமே கூப்பிடாதீங்க சேர்," என்று பாக்கியம் அக்கா சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் எங்கள் கிரவுண்டுக்கு ஏறி வந்திருந்தார்.

அவருடைய மகள் தர்ஷினிதான் எங்கள் தோட்டத்து கேர்ள்ஸ் வொலிபோல் டீமின் செட்டர். அடிக்கிறவளுக்குப் பந்தைப் பதமாகத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. முதல் தடவையாகப் பதுளை டவுனில் ஆடப் போனோம்; தோற்றோம். அவள் தூக்கிய பந்தெல்லாம், அடிக்கிற ஷாமிலியின் கைக்கு எட்டாமல் வெளியே போய் விழுந்தது. யாரோ அதை வீடியோ எடுத்து, சிரிக்கிற பொம்மையும் சத்தமும் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட, எங்கள் தெமோதரைப் பக்கத்து லயத்து வீடெல்லாம் சுற்றிவிட்டது.

புதிதாகக் கோச்சிங் பண்ண வருகிற தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். நான் கோர்ஸ் எதுவும் படித்தவனில்லை, ஆடி ஆடியே பழகினவன். அப்போது என் வாய் வரைக்கும் வந்தது, "அடுத்த மேட்ச் இருக்கே அக்கா" என்பதுதான். அதை விழுங்கிக்கொண்டு, "தர்ஷினி சாப்பிட்டாளா?" என்று கேட்டேன்.

அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"எங்க சேர்? ரொட்டி சுட்டு வச்சா ரொட்டியப் பாத்துக்கிட்டே இருக்கா. ஸ்கூலுக்கும் போகலங்க. வாய்க்குப் பூட்டுப் போட்ட மாதிரி இருக்கா."

ஷாமிலியையும் கூட்டிக்கொண்டு அக்காவோடு லயத்துக்கு இறங்கினேன். தர்ஷினி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, கல்யாணப் பொண்ணு மாதிரி குனிஞ்சுக்கிட்டு? தள்ளு" என்று ஷாமிலி பக்கத்தில் இடம் பிடித்தாள். ரொட்டியைப் பிய்த்து, சம்பலில் தொட்டுத் தான் கொஞ்சம் தின்று, அவள் வாயிலும் கொஞ்சம் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் தர்ஷினி தானாகவே தட்டுக்குக் கை நீட்டினாள். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் வாய் திறந்தாள். "என் கை சரியில்ல சேர். என்னாலதான் தோத்தோம்."

"அந்த வீடியோவைப் போடு" என்றேன் ஷாமிலியிடம்.

"எதுக்கு சேர், திரும்ப இவள அழவைக்கவா?" ஷாமிலி என்னை முறைத்தாள்.

"சிரிக்கிற சத்தத்தைக் குறைச்சிட்டுப் போடு. பந்தை மட்டும் பாருங்க."

பார்த்தோம். பந்து ஷாமிலிக்கு மேலே பறந்து போனது.

"இதே பந்து நம்ம கிரவுண்ட்ல வந்திருந்தா?"

ஷாமிலி யோசிக்கவே இல்லை. "அடிச்சிருப்பேன் சேர். நான் நிக்கிறது மேட்டுப் பக்கம்தானே? இவ எப்பவும் எனக்குத் தூக்கித்தானே குடுப்பா."

தர்ஷினி ஃபோனைப் பிடுங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தாள். எங்கள் கிரவுண்ட் மலையை வெட்டிப் போட்டது. ஒரு பக்கம் மேடு. டவுன் கிரவுண்ட் தட்டுப் போல மட்டம். மேட்டுக்குப் பழகின கை அங்கேயும் மேட்டைத் தேடியிருக்கிறது.

"அப்ப என் கை…"

"நல்ல கைதான்மா. மட்டத்தில பழகணும், அவ்வளவுதான்."

"மட்டத்துக்கு எங்க போறது?" ஷாமிலி சிரித்தாள். "இந்தத் தோட்டத்தில தேத்தண்ணிக் கோப்பை வைக்கவே மட்டமான எடம் கிடையாது. கோயிலுக்கு முன்னுக்கு மட்டும்தான். அங்க பந்து அடிச்சா கோயில் தலைவரு காலை ஒடிச்சிடுவாரு."

தோற்ற பிள்ளையிடம் முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேளுங்கள். பந்து எங்கேயும் ஓடிவிடாது. நான் கற்றது இவ்வளவுதான்.

பாக்கியம் அக்கா அதுவரை வாசலில் நின்று மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போவியா?"

தர்ஷினி சரியென்று தலையாட்டினாள்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்புக்கூட மாட்டாமல் விறுவிறுவென்று இறங்கினார். நாங்கள் வெளியே வருவதற்குள், அந்த மட்டமான இடத்தைக் கேட்கக் கோயில் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.