ஒட்டியாணமும் ஓரகத்தி இலையும்

ரெண்டாவது உலக யுத்தம் வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடி, ஒரு ஆடி மாசம். எங்களுக்கு ஊர் இலத்தூர். வயல்ல நடவு முடிஞ்ச கையோட, வீட்டு ஆம்பளைங்க எங்களையும் பிள்ளைகளையும் வண்டி கட்டிக் குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போய், ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிச்சுக் குடிவச்சுட்டு, அவங்க ஊருக்கும் அருவிக்குமா வந்து போயிட்டு இருப்பாங்க. சாரல் அடங்குற வரைக்கும் எங்க சமையல், குளியல், தூக்கம் எல்லாம் அங்கதான். எல்லாரும் சந்தோஷமாப் போற இடம். அந்த வருஷம் நான் மட்டும் வயித்தெரிச்சலோட போனேன்.

காரணம் எங்க மாமியாரோட ஒட்டியாணம். கெட்டித் தங்கம், நடுவுல ஒரு மயில். ஐப்பசியில தென்காசிக் கோயில் திருக்கல்யாணம் பார்க்கப் போறப்போ எங்க வீட்டு மருமகள் அதைப் போட்டுக்கிட்டுப் போகணும். எந்த மருமகள்னு கேட்டா, எவள் இடுப்புல கொக்கி மாட்டுதோ அவள். இது எங்க அத்தை வச்ச சட்டம். கல்யாணமான புதுசுல எனக்கு மாட்டுச்சு. ரெண்டு பிள்ளை பெத்த பிறகு கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. அந்த நேரம் பார்த்துத்தான் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆச்சு. அவர் போலீஸ் வேலைக்காரர், எப்பவும் வெளியூர். அவர் பெண்டாட்டி, அதாவது என் ஓரகத்தி, வந்து நின்னா. மூச்சைக்கூடப் பிடிக்கலை. அத்தை மாட்டிவிட்டாங்க, கொக்கி பட்டுனு விழுந்துருச்சு.

மூத்த மருமகள் நான் இருக்கேன். நடவு ஆளுக்குச் சோறு பொங்கிப் போட்டது நான், அத்தைக்கு முட்டு வலின்னா தைலம் தேய்ச்சது நான். இடுப்பு சின்னதா இருக்குங்குற ஒரே காரணத்துக்காக நேத்து வந்தவள் மயிலைச் சுமந்துக்கிட்டு முன்னால நடக்கிறா. அவ பின்னாடி பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் போறேன். யாருக்குத்தான் எரியாது?

சரி, உடம்பை இறக்கிக் காட்டுறேன்னு எனக்குள்ள ஒரு வைராக்கியம். அருவித் தண்ணி அடிச்சா ஊளைச்சதை கரையும்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதனால காலையிலும் சாயங்காலமும் போய், இடுப்பை அருவிக்குக் கொடுத்துக்கிட்டு நிப்பேன். போதாததுக்கு விரதம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, கார்த்திகை, ஒண்ணு விடலை. அந்த நாள்ல ஒரு பருக்கை சோறு தொட மாட்டேன். பலகாரத்தோட சரி. இவ்வளவு பண்ணியும் என் ரவிக்கைதான் தையல் விட்டுச்சே தவிர, உடம்பு குறையலை.

அவளோ திம்பா. சும்மா இல்லை, அப்படித் திம்பா. எண்ணெய் தேய்ச்சு அருவியில நின்னுட்டு வந்தா யாருக்கும் பசி எடுக்கும்தான், அதுதான் குற்றாலம். ஆனா இவ பசி வேற. பரிமாறுற கரண்டி என் கையில இருந்ததால எனக்குத் தெரியும். குழம்புக்கு ரெண்டு தடவை சோறு, ரசத்துக்கு ஒண்ணு, மோருக்கு ரெண்டு. எழுந்து கை கழுவிட்டு வந்து பலாச்சுளை. சாயங்காலம் அடுக்களைக்குள்ள பூனை மாதிரி வந்து மிச்சத் தோசை. அதுக்கு மேல தண்ணி. பானையைச் சாய்ச்சுச் சாய்ச்சுக் குடிப்பா. அத்தனையும் எங்க போகுதோ, கழுத்தெலும்பு தெரியுற மாதிரி ஒல்லியா நிப்பா. நான் விரதம் இருந்து பெருக்குறேன், இவ விருந்து தின்னு இளைக்கிறா. சாமிக்குக் கண்ணு இல்லையான்னு பேரருவிக்கு முன்னால நின்னே கேட்டிருக்கேன்.

ஒரு நாள் அத்தை ஐப்பசிக்குப் பார்ப்போம்னு ஒட்டியாணத்தை எடுத்து அவளுக்கு மாட்டினாங்க. கொக்கி மாட்டுச்சு, ஆனா ஒட்டியாணம் இடுப்புல நிக்கலை. அப்படியே வழுக்கிக் கால்ல வந்து விழுந்துச்சு. அவ குனிஞ்சு எடுத்தா. எனக்கு அதுலயும் ஆத்திரம்தான் வந்துச்சு. எனக்கு ஒரு சாண் எட்டலை, இவளுக்கு ஒரு சாண் மிச்சமான்னு.

அத்தை முகம் மாறிப் போச்சு. "புள்ளைக்குக் கண்ணு பட்டிருக்கு"ன்னாங்க. என்னைப் பார்த்துச் சொல்லலை. பார்க்காம சொன்னதுதான் எனக்குச் சுருக்குனு தைச்சுச்சு. உப்பு, மிளகாய், முச்சந்தி மண்ணு எல்லாம் எடுத்து அவளுக்குச் சுத்திப் போட்டாங்க. அன்னைக்கிலிருந்து அவ இலை உள் அறைக்குப் போயிருச்சு. எங்க பக்கத்துல ஒருத்தர் சாப்பிடுறதைப் பார்க்கிறதே தப்பு, எவ்வளவு சாப்பிட்டாங்கன்னு வாய்விட்டுச் சொல்றது அதைவிடப் பெரிய தப்பு. நான் சோத்தை வச்சுட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டு வந்துரணும்.

இளைச்ச உடம்பைத் தேத்தணும்னு அத்தை வேற கிளம்பிட்டாங்க. காலையில உளுந்தங்களி, நல்லெண்ணெயும் கருப்பட்டியும் வழிய வழிய ஊத்தி. பத்து மணிக்குப் பானகம். மத்தியானம் சோத்துக்கு மேல பாயசம். கிண்டுறது யாரு? நான்தான். களி கிண்டிக் கிண்டி என் தோள்பட்டை விட்டுப் போச்சு. முகத்தைத் திருப்பிக்கிட்டேன், ஆனா பாத்திரம் திரும்பி வருமில்லையா, அதைப் பார்ப்பேன். வழிச்சு நக்கின மாதிரி வரும். தண்ணிப் பானை மத்தியானத்துக்குள்ள காலி. கொல்லைப்பக்கம் அவ போயிட்டுப் போயிட்டு வர்றது, கால் வலிக்குதுன்னு சுவரைப் பிடிச்சு நடக்கிறது, ரவிக்கை தோள்ல தொங்குறது, எல்லாம் என் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு. சுவரைப் பிடிச்சு நடக்கிறவளைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரலை. இவ்வளவு கருப்பட்டியை முழுங்கியும் இளைக்கிறாளே, கொடுத்து வச்சவன்னுதான் நினைச்சேன்.

ஒரு விடியக்காலை அருவிக்குக் கிளம்பக் கூப்பிட்டா அவ எழுந்திருக்கலை. வாந்தி. மூச்சு ஆழமா, வேகமா, மலை ஏறினவ மாதிரி வாங்குது. பக்கத்துல குனிஞ்சா, வாயிலருந்து ரொம்பப் பழுத்துப் போன பழத்தோட வாசம். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து "அக்கா, தண்ணி"ன்னா. அவ்வளவுதான் பேச்சு. எங்க வீட்டுக்காரர் முந்தின நாள் வந்தவர் அங்கன இருந்தது நல்லதாப் போச்சு. வண்டியைப் பூட்டி, அத்தையையும் ஏத்திக்கிட்டு, அவ தலையை என் மடியில வச்சுக்கிட்டுத் தென்காசிக்கு ஓட்டினோம். தூக்கி வைக்கிறப்போதான் தெரிஞ்சுச்சு, என் மூத்த மகளைத் தூக்குற பாரம்கூட இல்லை அவ.

தென்காசியில ஒரு பெண் டாக்டர் இருந்தாங்க. நாடியைப் பார்த்தாங்க, நாக்கைப் பார்த்தாங்க, வாய்க்கிட்ட முகர்ந்து பார்த்தாங்க. அப்புறம் அத்தையைப் பார்த்து, "இந்தப் பொண்ணு சாப்பாடு எப்படி? எவ்வளவு சாப்பிடுவா?"ன்னு கேட்டாங்க.

"எல்லாரும் திங்குததைத்தான் திங்குதா. என்னத்தைத் தின்னா, கொறிப்பா, அவ்வளவுதான்."

அத்தை பொய் சொல்லணும்னு சொல்லலை. வீட்டுக்கு வந்த பிள்ளை சட்டி சட்டியாத் திங்குதுன்னு வெளியில சொன்னா அவளுக்கும் கேவலம், குடும்பத்துக்கும் கேவலம், போதாததுக்குக் கண்ணும் படும். அத்தைக்கு அதுதான் மரியாதை. டாக்டரம்மா விடலை. தண்ணி நிறையக் குடிப்பாளா, அடிக்கடி வெளியே போவாளான்னு கேட்டாங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்லை, நல்ல புள்ளை"ன்னுட்டாங்க அத்தை. எங்க வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். அவருக்குத் தம்பி பெண்டாட்டி இலையைப் பத்தி என்ன தெரியும்?

எனக்குத் தெரியும். எவ்வளவுங்குற கணக்கு அந்த அறையில எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தா என்ன ஆகும்னும் தெரியும். கண்ணு வச்சவ இவதான்னு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா, காலம் பூரா அந்த வீட்டுல நான் வச்ச சோத்தை ஒருத்தரும் நிம்மதியாச் சாப்பிட மாட்டாங்க. கட்டில்ல அந்த மூச்சுச் சத்தம் புஸ் புஸ்னு கேட்டுக்கிட்டே இருக்கு.

சொல்லிட்டேன். குழம்புச் சோறு, ரசச் சோறு, மோருச் சோறு, பலாச்சுளை, தோசை, களி, பானகம், பாயசம், பானைத் தண்ணி, கொல்லைக்குப் போறது, கால் வலி, ஒட்டியாணம் கழண்டு விழுந்தது வரைக்கும் ஒண்ணு விடாம ஒப்பிச்சேன். ஆடிக்கு முன்னால எவ்வளவு தின்னா, ஆடி பிறந்த பிறகு எவ்வளவு கூடுச்சுன்னு சொன்னேன். டாக்டரம்மா எழுதுறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. அப்புறம் அவ சிறுநீரைக் கொஞ்சம் வாங்கி, ஒரு கண்ணாடிக் குழாயில நீல மருந்தோட சேர்த்து விளக்குல காய்ச்சினாங்க. நீலம் பச்சையாச்சு, பச்சை மஞ்சளாச்சு, கடைசியில சுட்ட செங்கல் நிறத்துல நின்னுச்சு.

"நீரிழிவு. இந்த வயசுல வந்தா ஆளையே உருக்கிரும். தின்ன இனிப்பு உடம்புல சேராம வெளியே போகுது. இனி ஒரு துண்டு கருப்பட்டி கொடுக்கக் கூடாது. அடுத்த ரயிலைப் பிடிச்சுத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இதுக்கு ஊசி மருந்து இருக்கு."

ரயில்ல அவ மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தோம். பாவூர்சத்திரம் தாண்டினப்போதான் அத்தை பேசினாங்க. "அம்புட்டும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கே, இல்லட்டி?"ன்னாங்க. நான் ஆமான்னேன். அவங்க முந்தானையால முகத்தை மூடிக்கிட்டாங்க. களி கொடுக்கச் சொன்னது அவங்கதானே, அது அவங்களுக்கு அப்பதான் உறைச்சிருக்கும்னு நினைக்கிறேன்.

ஊசி போட்டு, அவளுக்கு நினைவு தெளிஞ்சு, சாஞ்சு உட்கார ஆரம்பிச்சா. கொழுந்தனும் லீவு போட்டு வந்துட்டார். கூட இருந்து பார்த்துக்கிட்டது நான். அங்கிருந்த நர்சம்மா இனிமே அவ எதை எவ்வளவு சாப்பிடணும்னு அளவு சொல்லிக் கொடுத்தாங்க. சொல்லி முடிச்சுட்டு, என் உருவத்தைப் பார்த்து, "நீங்களும் கொஞ்சம் குறைக்கலாமே"ன்னாங்க. எனக்குச் சுருக்குனு கோபம். நான் எங்கம்மா சாப்பிடுறேன், வாரத்துல பாதி நாள் விரதம்னேன்.

கட்டில்ல இருந்து ஒரு சிரிப்புச் சத்தம். "அக்காவா? விரதத்தன்னைக்குச் சோறு மட்டும்தான் கிடையாது. காலையில ஆப்பமும் தேங்காப்பாலும். சோறு வடிக்கும்போது ஒரு செம்பு கஞ்சி, உப்புப் போட்டு. களி கிண்டும்போது பதம் பாக்க ஒரு உருண்டை, எனக்குக் கொண்டு வரும்போது வாசல்ல நின்னு இன்னொரு உருண்டை. பிள்ளைங்க மிச்சம் வச்ச தோசை. சாமிக்கு வச்ச பழம் எல்லாம் அக்காவுக்குத்தான்"னு அடுக்கினா பாருங்க, நான் அசந்து போயிட்டேன்.

அவ சொன்னதுல ஒண்ணும் பொய்யில்லை. எங்களுக்குச் சாப்பாடுன்னா சோறு. சோறு உள்ளே போகலைன்னா சாப்பிடலைன்னு கணக்கு. மத்தது எல்லாம் என் வாய்க்குள்ள போனது எனக்கே தெரியாது. நீ எதுக்குட்டி என் வாயைப் பார்த்துக்கிட்டு இருந்தேன்னு கேட்டேன்.

அவ சிரிப்பை நிறுத்திட்டா. "பொறாமைதான் அக்கா. நீங்க ஒரு வாய் தின்னா உடம்புல ஒட்டுது. நான் சட்டியைக் காலி பண்ணாலும் எனக்கு எலும்புதான் தெரியுது. செத்துருவேனோன்னு பயமா இருக்கும். வெளியில சொன்னா தீனிப்பண்டாரம்னு சிரிப்பாகளேன்னு சொல்லலை. உங்க கையில அந்தச் சதையைப் பாத்துப் பாத்து ஏங்கியிருக்கேன்"ன்னா. எதைக் கரைக்க நான் அருவியில நின்னேனோ, அதைப் பார்த்து அவ ஏங்கியிருக்கா. அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துருச்சு, அவளும் அழுதா.

அந்த வருஷம் ஒட்டியாணம் பெட்டியிலேயே இருந்துச்சு. அடுத்த ஐப்பசிக்குள்ள அவ தேறிட்டா. ஊசியும் அளவுச் சாப்பாடும் அவ கன்னத்தை நிரப்பிருச்சு. நானும் பதம் பார்க்கிறதையும் கஞ்சியையும் விட்டதுல கொஞ்சம் இளைச்சேன், ஆனா கொக்கி எட்டுற அளவுக்கு இல்லை. அத்தை ஒட்டியாணத்தை எடுத்து என் கையில கொடுத்து, "நீயே மாட்டிவிடு"ன்னாங்க. அவ இடுப்பைச் சுத்திக் கொண்டுவந்து மாட்டினேன். இழுத்துத்தான் மாட்ட வேண்டியிருந்துச்சு. விரல் விட்டுப் பார்த்தேன், கொஞ்சம்கூட இடமில்லை. மயில் அப்படியே நின்னுச்சு. என் வயிறு பழையபடி எரிஞ்சுச்சு, கண்ணுல தண்ணியும் வந்துச்சு. "என்னக்கா"ன்னா, ஒண்ணுமில்லை, முன்னால நடன்னு சொல்லிட்டேன்.

இன்னைக்கும் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில எங்களைப் பக்கத்துல உட்கார வச்சா, அவ என் இலையைப் பார்ப்பா, நான் அவ இலையைப் பார்ப்பேன். அந்த வீட்டுல அவ மேல உசிரா இருந்தவங்க எல்லாரும் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க, பொறாமைக்காரி நான் ஒருத்திதான் கண்ணை எடுக்காம பார்த்துக்கிட்டு இருந்தேன்னு நினைக்கிறப்போ, அந்தக் கண்ணுக்கு என்ன பேர் வைக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.