அம்மா தனியாக நடந்த அன்று

எனக்கு அப்போது ஒரு வேலை இருந்தது. பட்டினப்பாக்கத்தில் என் வயதுப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் நேரத்தில், நான் அம்மாவுக்கு முன்னால் நடந்துகொண்டிருப்பேன். அம்மாவின் கை என் தோளில் இருக்கும். மேடு வந்தால் தோளைத் தூக்குவேன், பள்ளம் வந்தால் இறக்குவேன். ரேஷன் கடை, கண்ணாஸ்பத்திரி, மாதா கோயில் என்று அம்மா போகவேண்டிய இடமெல்லாம் எனக்கும் போகவேண்டிய இடங்களாயின. மூன்றாம் வகுப்பில் என் பெயரை இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். உள்ளேன் சொல்லத்தான் ஆளில்லை. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வாய்ப்பாட்டைவிட அம்மாவை அழைத்துப் போவது சுலபம். தெருவில் எல்லாரும் பொறுப்பான பெண் என்று வேறு சொன்னார்கள்.

அம்மா மந்தைவெளித் தெருக்களில் கூடையில் மீன் விற்றவள். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்ததை, வெயிலில் அலைந்த கிறுகிறுப்பு என்றே நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது, போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். அதோடு கூடையும் வீட்டு மூலையில் கவிழ்ந்தது. மாடி வீடுகளின் சமையலறை வரைக்கும் எட்டிய குரல், சோறு போடவா என்று அப்பா கேட்டால் 'உம்' சொல்லும் அளவுக்கு இறங்கிப்போனது. அப்பா விடிவதற்கு முன்பே கடலுக்குப் போய்விடுவார். மிச்சப் பொழுதுக்கெல்லாம் நான்தான்.

ஆஸ்பத்திரியில் யாரோ தகவல் கொடுத்து, ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்த ஓர் அறக்கட்டளையிலிருந்து டீச்சர் ஒருவர் வந்தார். அங்கே முன்கட்டில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். பின்கட்டில், அம்மாவைப் போல நடுவில் பார்வை இழந்தவர்களுக்குப் பயிற்சி. டீச்சருக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, ஒருவரும் பிடிக்காமல் எங்கள் மாடிப்படி ஏறி வந்ததை வாயைப் பிளந்து பார்த்தேன். ஏனோ கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

"குச்சி வச்சிகினு நான் எங்க போவப் போறேன் டீச்சர்?" என்றாள் அம்மா. "இட்டுனு போறதுக்கு எம் பொண்ணு கீது."

"பொண்ணு எந்த கிளாஸ் படிக்கிறா, அக்கா?"

அம்மா என்னை டீ வாங்கிவரச் சொன்னாள். டீச்சரும் மறுபடி கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு, நாளைக்கு வந்து பாருங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். மறுநாள் காலையில் அம்மா தானாகவே எழுந்து முகம் கழுவி, "வா, போலாம்" என்று என் தோளில் கை வைத்தாள்.

அங்கே அடுப்பில் உலை கொதிப்பதைக் காதால் அறியவும், பேசும் போனில் அப்பாவைக் கூப்பிடவும், கோலை வீசி நடக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மீன் அரிவதை மட்டும் அம்மா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து, அவர்கள் போட்ட பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டு, இதெல்லாம் எப்போது முடியும் என்று காத்திருந்தேன்.

மழைவிட்ட ஒரு காலையில், பஸ் ஸ்டாப்பில் அம்மாவை விட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் வந்துவிட வேண்டும் என்று டீச்சர் உத்தரவு போட்டுவிட்டார். அம்மாவின் கையைத் தோளிலிருந்து எடுத்து விட்டுவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தெருவில் பாதியை மறித்து லாரி ஜல்லி கொட்டிவிட்டுப் போயிருந்தது. ஓடிப்போய் அறக்கட்டளை வாசலில் நின்ற டீச்சரிடம் சொன்னேன்.

"தெரியும். காலையில நானே அதுல முட்டிக்கிட்டேன்," என்றவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அம்மா எங்க வர்றாங்கன்னு பாத்துச் சொல்லு. கூப்பிட மட்டும் கூடாது."

பாவம், பிடிமானம் இல்லாமல் இவரால் நிற்க முடியாது போலிருக்கிறது என்று நினைத்து, நான் அசையாமல் நின்றேன்.

"பெட்டிக்கடையாண்ட வர்து டீச்சர். ஐயோ, பைக்கு மேல இடிச்சிகிச்சி. தாண்டிச்சி. ஜல்லியாண்ட வந்துடுச்சி!"

கோல் ஜல்லியில் சொருகி நின்றது. அம்மா இடது பக்கம் தட்டினாள், சுவர். வலது பக்கம் திரும்பினாள், ஓர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு உரசினாற்போலப் போனது. அம்மா பின்வாங்கிச் சிலைபோல நின்றாள். நான் வரும்வரைக்கும் வீட்டில் அப்படித்தான் நிற்பாள். என் வாய் தானாகத் திறந்தது. டீச்சரின் பிடி இறுகியது. அவருடைய விரல்கள் சில்லென்று வியர்த்திருந்தன.

அப்போதுதான் அது கேட்டது.

"யாருப்பா அது, வழிய மறிச்சி ஜல்லி கொட்னது? எந்தப் பக்கம் போறது, சொல்லுங்கய்யா!"

எதிர்மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது. டீக்கடைக்காரர் கிளாசை வைத்துவிட்டு ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடிக்கப் போனார்.

"கையப் புடிக்காத நைனா. வாயால சொல்லு, நான் வர்றேன்."

"சோத்தாங்கைப் பக்கமா வாம்மா... இன்னும்... அவ்ளோதான், நேராப் போ."

"யாரு அது?" என்று டீச்சர் கிசுகிசுத்தார். அவர் கேட்டிருந்ததெல்லாம் அம்மாவின் இறங்கிப்போன குரல் மட்டும்தானே.

"எங்கம்மா," என்றேன். டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அம்மா வேர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வந்து, "வந்துட்டேன் டீச்சர்," என்றாள். டீச்சர் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

அடுத்த திங்கட்கிழமை அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். ஆமாம், அவள்தான் கூட்டிப்போனாள். நான் பக்கத்தில் நடந்தேன். வாசலில் என் தலையைத் தடவிவிட்டு, கோலைத் தட்டிக்கொண்டு மீன் சந்தைப் பக்கம் திரும்பிவிட்டாள். ஒருதரம்கூட நின்று கூப்பிடவில்லை.

வகுப்பில் உட்கார்ந்து, வேலை போன ஆளைப்போல அழுதேன்.

"இன்னாத்துக்குடி அழுவுற?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"எங்கம்மாவுக்கு இனிமே நான் வோணாமாம்."

அவள் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள். அந்த பெஞ்சில் அந்த இடத்தை எனக்கு யார் பிடித்துக் கொடுத்தார்கள் என்று தெரியாமலே, என் பெயரைக் கூப்பிட்டபோது மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உள்ளேன் டீச்சர் என்றேன்.