மாமாவைப் பேசும் வேலை

எட்டு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னர் என் மாமாவைப் பேச வேண்டும். எங்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது. சும்மா உரையாடுவதற்குக் கதைப்பது என்று வேறு சொல் இருக்கிறது. மாமாவே விரும்பிக் கேட்டுத் தந்த வேலை அது. எவ்வளவு மனம் வைத்துச் செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்துவிடும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கம்பஸில் மெய்யியல் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, வேலை கிடைக்காமல் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்களோடு இருந்தார். வேலை கேட்டுப் பட்டதாரிகள் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் வாசலில் கூடும் நாட்களில் தானும் போய் நின்றுவிட்டு, வெயிலில் கறுத்துத் திரும்பி வருவார். படித்தவற்றில் அவர் மனதில் தங்கியது ஸ்டோயிக் என்ற பழைய கிரேக்கத் தத்துவம் ஒன்றுதான். உலகத்தில் உள்ளவை எல்லாம் இரண்டு வகை. ஒன்று எங்கள் கையில் இருப்பது, மற்றது எங்கள் கையில் இல்லாதது. கையில் இல்லாததற்காக உடைந்து போகாமல் மனதைப் பழக்க வேண்டும். அவ்வளவுதான் தத்துவம். வேலை தருவது அரசாங்கத்தின் கையில். முகத்தைத் தொங்கப்போடாமல் இருப்பது மாமாவின் கையில். எனவே மாமா பழகத் தொடங்கினார்.

முதலில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெறும் சீமெந்து நிலத்தில் படுத்தார். கழுத்துப் பிடித்துக்கொண்டது. அம்மா எண்ணெய் போட்டு உருவிவிட்டார். பிறகு மார்கழிப் பனியில் விடிய எழும்பிக் கிணற்றடியில் குளித்தார். பல்லு அடித்துக்கொள்ளும் சத்தம் குசினி வரை கேட்டது. அதற்கும் பிறகு பாணுக்குத் தேங்காய்ச் சம்பல் வேண்டாம், வெறும் பாண் போதும் என்றார்.

"ஏன்ரா, உந்தக் கிரேக்கத்திலை தேங்காய் இல்லையோ?" என்று அம்மா கேட்டார்.

இந்த வரிசையில் வந்ததுதான் என் வேலை. ஒரு நாள் மாமா என்னைக் கதிரையில் ஏற்றி, தன் முகத்துக்கு நேராக நிறுத்தினார்.

"மற்றவன் என்னைப் பற்றி என்ன சொல்லுவான் எண்டது என்ரை கையிலை இல்லை, பிள்ளை. எனக்குக் கோபம் வாறதும் வராததும்தான் என்ரை கையிலை. எங்கை, நல்லாப் பேசு பாப்பம்."

"உங்கடை மூக்கு முருங்கைக்காய்."

"உண்மைதானே. வேறை?"

எனக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பெடியள் சண்டை பிடிக்கும்போது பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டேன். விசரன், மடையன், எருமை, பனங்கொட்டைத் தலையன் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கொட்டினேன். மாமா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தலையை ஆட்டிச் சிரிப்பார். ஒரு நாள் சரக்குத் தீர்ந்துபோய்விட்டது. முதல் நாள் அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"தண்டச்சோறு!" என்றேன். "அப்பா சொன்னவர்."

குசினிக்குள் அகப்பை விழுந்த சத்தம் கேட்டது. அப்பா பேப்பரை முகத்துக்கு மேலே உயர்த்திக்கொண்டார். மாமா மட்டும் ஒன்றும் நடக்காதது போல என் கன்னத்தைத் தட்டி, "இது நல்லாயிருக்கு. நாளைக்கும் இதையே சொல்லு," என்றார். என் மாமா மாதிரி ஒரு வீரன் யாழ்ப்பாணத்திலேயே இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன். அவரை ஒரு தடவையாவது அழவைத்துவிட வேண்டும் என்ற ஆசையும் அன்றுதான் பிடித்தது.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டு வெளிக்கிடும் எவரும் "போறன்" என்று சொல்வதில்லை. சந்திக் கடைக்குப் போனாலும் "போட்டு வாறன்"தான், போய்விட்டு வருகிறேன் என்று பொருள். வாய் தவறி யாராவது "போறன்" என்றுவிட்டால், வாசல் படலை வரை போனவரைக் கூப்பிட்டுத் திருத்திச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள். மாமா ஒரு நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு, நல்ல தெளிவாக, "அக்கா, போறன்" என்றார்.

"என்னடா சொன்னனீ? வாயைக் கழுவு. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"போறது என்ரை கையிலை, அக்கா. திரும்பி வாறது என்ரை கையிலையோ? கையிலை இல்லாததை எப்பிடிச் சொல்லுறது?"

அதற்குப் பிறகு எங்கள் படலையடியில் அதுவே வழக்கமாகிவிட்டது. மாமா "போறன்" என்பார். அம்மா செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, சைக்கிளில் போகும் முதுகைப் பார்த்து, "போட்டு வா! போட்டு வா!" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்துவார். நான் மாமாவின் கட்சி. அவர் சொல்வதுதானே சரி?

ஒரு நாள் சண்டை முற்றிவிட்டது. அம்மா கெஞ்சினார், ஏசினார், கடைசியில் சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டார். மாமா குரலை உயர்த்தவில்லை.

"அண்ணை சொல்லிப்போட்டுத்தானே போனவர், அக்கா?"

அம்மாவின் கை கழன்றுவிட்டது. திரும்பி வீட்டுக்குள் போனார். அண்ணை என்பது அவர்கள் இருவருக்கும் மூத்தவர், என் பெரிய மாமா. நாட்டில் போர் நடந்த காலத்தில் ஒரு காலை "போட்டு வாறன்" என்று சொல்லிச் சைக்கிளில் போனவர். எங்கே போய்ச் சேர்ந்தார் என்று யாருக்கும் தெரியாது. நான் பிறப்பதற்கு முந்திய கதை. எனக்கு அவர் ஹோல் சுவரில் தொங்கும் ஒரு படம், அவ்வளவுதான். அந்தப் படத்துக்கு மாலை போட அம்மா யாரையும் விட்டதில்லை. அன்று நான் கண்டது, மாமா ஒரு வசனத்தில் அம்மாவின் வாயை அடைத்துவிட்டார் என்பது மட்டும்தான். கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மாமா வெளிநாடு போக ஏஜென்சிக்காரர் ஒருவர் மூலம் ஒழுங்கானது. எந்த நாடு என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியுமாம். அம்மா மருதனார்மடத்து ஆஞ்சநேயருக்கு வடைமாலை சாத்தி, திருநீறு வாங்கிவந்தார். மாமாவின் உடுப்புப் பெட்டியை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ எங்கையெண்டாலும் போ, எப்பிடியெண்டாலும் இரு. நாளைக்கு ஒருக்கால் மட்டும் வாயாலை சொல்லிப்போட்டுப் போ, தம்பி. அது காணும் எனக்கு."

"பாப்பம், அக்கா," என்றார் மாமா.

அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை. மாமா தோற்றுவிடுவாரோ என்ற கவலை.

விடிய கொழும்பு ரயில். அப்பாவுக்கு வேலை, அம்மாவும் நானும்தான் கொக்குவில் ஸ்டேசனுக்குப் போனோம். அவசரத்தில் நான் என் வேலையைச் செய்யவில்லை, மாமாவும் கேட்கவில்லை. தண்டவாளம் அதிரத் தொடங்கியதும் அம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினார். பூசிய கையை எடுக்காமல், முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"அக்கா, போட்டு வாறன்," என்றார்.

அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "ஓமடா, போட்டு வா, போட்டு வா," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் படலையடியில் யார் பக்கம் நின்றேன்? மாமா என்னைத் தூக்கிக் கொஞ்சியபோது, ரயில் இரைச்சலில் அம்மாவுக்குக் கேட்காமல், அவர் காதுக்குள் சொன்னேன்.

"மாமா, நீங்கள் ஒரு புளுகன். வாறது உங்கடை கையிலை இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

முருங்கைக்காய்க்கும் எருமைக்கும் தண்டச்சோற்றுக்கும் அசையாத முகம் உடைந்தது. என்னை மெல்ல இறக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஜன்னல் ஓரத்தில் இருந்து முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். விரல்களுக்கு இடையால் கண்ணீர் வழிந்ததை நான் கண்டேன்.

மாமா போய்ச் சேர்ந்தது பாரிஸ். விசா வழக்கு ஒன்று முடிய இன்னொன்று என்று இழுபட்டுக்கொண்டே போகிறது. அதை விட்டுவிட்டு வந்தால் திரும்பிப் போக முடியாது. வராமல் இருந்தால் அக்காவைப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வருவார். தலை நரைத்துவிட்டது, மூக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. "எங்கை, பேசு பாப்பம்," என்பார். நான் இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன், நாள் முழுக்கச் சனத்தோடு வாய் காட்டுகிறவள். ஆனாலும் மாமாவைப் பேச ஒரு சொல்லும் வருவதில்லை. அவர் வருவது என் கையில் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏங்காமல் இருப்பதும் என் கையில் இல்லை என்பதை அந்தக் கிரேக்கர்களிடம் யாராவது போய்ச் சொன்னால் நல்லது. எனக்கு மாமாவைப் பார்க்க வேண்டும். கதிரையில் ஏறாமல், இப்போது என் உயரத்திலேயே அவர் முகத்துக்கு நேராக நிற்க வேண்டும்.

யாராவது கேட்டால் அம்மா, "அவன் வருவான். சொல்லிப்போட்டுத்தான் போனவன்," என்று சொல்கிறார்.

அன்று ரயில் போனதும், நான் துள்ளிக்கொண்டு அம்மாவின் சீலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, மாமா அழுதவர்! நான் வெண்டிட்டன்!"

அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. "சொல்லிப்போட்டான், பிள்ளை," என்றார். "வாயாலை சொல்லிப்போட்டான்." தண்டவாளத்தின் ஓரமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் தேவாரம் ஒன்றை முணுமுணுத்தபடி நடந்தார். நான் இரண்டு அடிக்கு ஒரு தரம் துள்ளினேன். மாமாவை வழியனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அன்று சந்தோசமாகத்தான் வீட்டுக்கு வந்தோம்.