எதையும் நம்பாத ரெஜினா மேடம்

போன வாரம் ஒரு காலையில் எங்கள் பாலிடெக்னிக் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. சிவில் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ரெஜினா மேடம் இறந்துவிட்டார் என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நான் கும்பிடவில்லை. விடுப்புக்காக உயிரோடிருக்கும் தாத்தாக்களையெல்லாம் சாகடிக்கிற மாணவர்களோடு காலம் தள்ளியவர் அவர். யார் வந்து எந்தச் சாவைச் சொன்னாலும் "யாரு நேர்ல பாத்தது?" என்பார். அவர் சாவுக்கு மட்டும் அதைக் கேட்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. அவருடைய பழைய மாணவி கௌசல்யாவுக்குப் போன் செய்தேன்.

"யாரும்மா நேர்ல பாத்தது?"

"நான்தான் சார். வெள்ளனே ஆஸ்பத்திரியில. கையப் புடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

அதன் பிறகுதான் நம்பினேன். ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அவரோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும், சந்தேகம் அவருக்கு மூச்சு மாதிரி. சர்வே பாடம் எடுத்ததால் அப்படி ஆனாரா, அப்படிப்பட்டவர் என்பதால் சர்வேக்கு வந்தாரா என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்துகொண்டே போனால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி அளந்து வந்து கணக்கு சேருகிறதா என்று பார்க்க வேண்டுமாம். "ஒரு தடவ பாத்தத நம்புறவன் வீடு கட்ட லாயக்கில்ல" என்பார். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். காலையில் "நல்லா இருக்கேன் மேடம்" என்று சொன்ன பையனிடம் மாலையில் அதே கேள்வியை மறுபடியும் கேட்பார்.

பதிலுக்கு எல்லோரும் அவரைச் சந்தேகப்பட்டார்கள். நிர்வாகத்தின் ஒற்றர் என்றார்கள் மாணவர்கள். சிபிஐ என்று பட்டப்பெயர் வேறு. மாணவர்களைத் தூண்டிவிடுகிறார் என்று நிர்வாகம் நினைத்தது. மெக்கானிக்கல் துறையில் இருந்த நான், இந்த அம்மாவுக்கு வேறு சோலி இல்லை என்று நினைத்தேன்.

ஒருமுறை மாணவர் ஆலோசனைக்கென்று தனி அறை ஒதுக்கித் தருவதாக முதல்வர் சொன்னார். நாங்கள் கைதட்டத் தயாரானோம். மேடம் வேண்டாம் என்றுவிட்டார். "ரூம் போட்டா அங்க யார் போறாங்கன்னு ஊரே பாக்கும் சார். அப்புறம் ஒருத்தரும் வர மாட்டாங்க."

அவருடைய ஆலோசனை அறை மைதானத்தின் மறுகோடியில், வெட்டவெளியில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு வருடக்கணக்கில் ஆயிற்று. லெவலிங் ஸ்டாஃப் என்று எண்கள் எழுதிய நெட்டைக் கோல் ஒன்று உண்டு. அளக்கிற கருவி இந்தப் பக்கம் நிற்கும். ஒருவர் அந்தக் கோலை மறுகோடியில் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். "ஸ்டாஃப் புடிக்க வா" என்று யாரையாவது கூப்பிடுவார். கோல் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற சாக்கில் தானும் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்கும். ஒரு சொல் யார் காதிலும் விழாது. யாருக்கும் சந்தேகமும் வராது.

கௌசல்யா விஷயத்தை அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுங்க சார், யாருக்காச்சும் ஆகும்" என்றாள். பூண்டி கிராமத்துப் பெண். மூன்றாம் ஆண்டில் அடிக்கடி வகுப்புக்கு வராமல் இருந்தாள். கேட்டால் "வீட்டுல பூண்டு எடுப்பு மேடம்" என்பாள். அந்தப் பருவத்தில் பூண்டிப் பிள்ளைகள் பாதிப் பேர் பூண்டுக் காட்டில்தான் இருப்பார்கள் என்பதால் நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். மேடம் அவள் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தார். பூண்டு எடுத்த கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் வாசனை போகாது. அவள் கையில் அது இல்லை. "சரி, போ" என்று விட்டுவிட்டார். மதியம் ஸ்டாஃப் பிடிக்கக் கூப்பிட்டார்.

மறுகோடியில் நடந்த பேச்சைக் கௌசல்யா எனக்குப் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். பரீட்சையில் தோற்றிருக்கிறாள், வீட்டில் பாஸ் என்று சொல்லிவிட்டாள். மறுபடி எழுதுவதற்கான நாள் நெருங்க நெருங்கப் பயம் பிடித்துக்கொண்டது. வகுப்புக்கு வராத நாளெல்லாம் சீருடையோடு பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, மலை விளிம்பில் இருக்கும் ஒரு வியூ பாயிண்ட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று மேடம் கேட்டிருக்கிறார்.

"ரெண்டு தடவ அந்தப் பக்கம்" என்றிருக்கிறாள்.

மேடம் திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. "நாளைக்கும் நீதான் ஸ்டாஃப் புடிக்கணும். ஆரம்பிச்ச எடத்துக்கு இன்னும் வந்து சேரல" என்றாராம். அன்று அவளைத் தன் பார்வையிலிருந்து விடவே இல்லை.

மாலையில் என்னிடம் வந்தார். "வெரசா கார எடுங்க. பூண்டிக்குப் போகணும்."

"எதுக்கு மேடம்?"

"பூண்டு வாங்க."

பின் சீட்டில் கௌசல்யாவைப் பார்த்ததும் பூண்டு விஷயத்தை நான் நம்பவில்லை. அவள் அப்பாவும் நம்பவில்லை. வாசலிலேயே எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு மேடம் இம்புட்டுத் தூரம்? பீஸ் எதுவும் பாக்கி கெடக்கா?"

"இல்லங்க. பூண்டு வாங்க வந்தோம்."

"காலேஜ் மேடம் பூண்டுக்கு வந்தாங்கன்னா நான் நம்பணுமாக்கும்?"

"என்னைய நம்ப வேணாம். உங்க பொண்ணு ஒண்ணு சொல்லும். அத முழுசா கேட்டுட்டுக் கோவப்படுங்க."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் போனதையும் சொன்னாள். அவள் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். அப்பா மேடம் பக்கம் திரும்பினார்.

"திரும்ப எழுத முடியும்ல மேடம்?"

"முடியும்."

"அப்ப எழுதட்டும்" என்றார். பிறகு மகளைப் பார்த்தார். "ஏத்தா, எழுதலன்னாத்தான் என்ன? வீட்டுக்கு வந்துரு."

கிளம்பும்போது ஒரு பை நிறையப் பூண்டு கொடுத்தார். மேடம் அதிலும் ஒரு பல்லை உரித்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினார். கௌசல்யா அடுத்த முறை பாஸ் செய்தாள். இப்போது பழனியில் வீடு கட்டும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள்.

நேற்று கல்லூரியில் இரங்கல் கூட்டம். பிளெக்ஸில் மேடம் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தப் படம் எங்கே கிடைத்தது என்பதே எனக்குச் சந்தேகம். அவர் பெயரில் மாணவர் நலன் அறை திறக்கப் போவதாக அறிவித்தார்கள். நல்ல எண்ணமாகவே இருக்கலாம். ஆனால் ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் திறந்து, மற்ற நாளெல்லாம் பழைய நாற்காலி போட்டுவைப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த அறை எனக்கு வேண்டாம். அவருடைய சந்தேகத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது என் துறையில் படிக்கும் மணிகண்டன் எதிரே வந்தான். அடுக்கம் கிராமத்துப் பையன். இந்த ஒரு மாதத்தில் பாதியாக இளைத்துவிட்டான். நான் வாய் திறப்பதற்குள் "நல்லா இருக்கேன் சார்" என்றான்.

சிவில் துறைக்குப் போய் ஸ்டாஃபைக் கேட்டு வாங்கிவந்து அவனிடம் நீட்டினேன்.

"சார், நாம மெக்கானிக்கல்தான?"

"ஆமா. புடி."

என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே மைதானத்தின் மறுகோடிவரை வந்தான். கோலை நிமிர்த்திப் பிடித்தான். அந்தப் பக்கம் கருவியும் இல்லை, அளக்க ஆளும் இல்லை என்பதை அவனும் கவனித்திருப்பான். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவன் பேச ஆரம்பித்தான்.