ஜெகதாம்பாள் அம்மாவின் கமெண்ட்

காலையில் பல் விளக்கும்போதே ஷர்மிளா, நிவேதிதாவின் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துவிடுவாள். வாயில் பிரஷ், இடது கையில் போன். கட்டைவிரல் பழக்கப்பட்ட மாடு மாதிரி தானாகவே அங்கே போய் நிற்கும். புதிதாக, மெஹந்தி போட்ட ஒரு மணப்பெண்ணின் கை தெரிந்தால் நுரையைத் துப்பிவிட்டு, "ஆமா, பெரிய டிசைனு" என்பாள். ஒன்றுமே போடாத நாளிலும் நிம்மதி கிடையாது. "இன்னிக்கு ஒண்ணும் போடல. அப்போ பெரிய ஆர்டர்ல கீறா போல" என்று அதற்கும் வயிறு எரியும்.

ஆவடி சேக்காட்டில் மெஹந்தி என்றால் ஷர்மிளாதான். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும், முதல் நாள் சாயங்காலம் அவளுடைய ஸ்கூட்டி அந்த வாசலில் நிற்கும். கோன்களை அவளே சுற்றிக் கட்டுவாள். கடைக் கோனை யாராவது நீட்டினால், "இத்த வெச்சி பல்லு வெளக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு பெண்ணின் கையைப் பிடித்துவிட்டால் பிடித்ததுதான். பெண்ணுக்கு மூக்கு அரித்தால் இவளே சொறிந்துவிடுவாள். பசித்தால் அம்மாக்காரி ஊட்டிவிட வேண்டும். "நீ அழுவு, சிரி, இன்னா வேணா பண்ணு. கைய மட்டும் ஆட்டாத" என்பது அவள் எல்லா மணப்பெண்களுக்கும் சொல்லும் ஒரே மந்திரம்.

இன்ஸ்டாவில் அவளுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. 'ஷர்மி மெஹந்தி'. படம் எடுப்பது கணவன் கோவிந்தராஜ். மனிதர் தொழிற்சாலையில் கெட்டிக்காரர். கேமராவைக் கையில் கொடுத்தால் மட்டும் எங்கிருந்தோ நிழல் வந்து விழும். ஒரு படத்தில் அருமையான மயிலுக்குப் பின்னால் அவருடைய பனியன் கொடியில் காய்கிறது. அந்தப் பக்கத்திலேயே அதிக லைக் வாங்கியதும் அந்தப் படம்தான். அதைச் சொல்லிக் கேலி செய்தால் ஷர்மிளா நாள் முழுக்கப் பேசமாட்டாள்.

நிவேதிதா காட்டுப்பாக்கத்துப் பெண். அதாவது, வேலைக்காகத் தென்காசியிலிருந்து வந்து காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கியவள். ஐ.டி. வேலையை விட்டுவிட்டுக் கோனை எடுத்தாள். படம் எடுக்க வெள்ளைத் துணி, ஓரத்தில் இரண்டு மல்லிகை, கைக்கு நேரே வட்ட விளக்கு. அவ்வளவுதான், பூந்தமல்லி ரோடே அவள் பின்னால் போய்விட்டது. "அவ கோடு என் கோட்டுக்குப் பக்கத்துல நிக்குமா, நீயே சொல்லு" என்று ஷர்மிளா கணவனிடம் போனை நீட்டுவாள். "உன் கைல கோனு கீது, அவ கைல போனு கீது. அவ்ளோதாம்மே" என்பார் கோவிந்தராஜ். சமாதானம் சொல்வதாக அவருக்கு நினைப்பு.

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது மணப்பெண்கள்தான். ஷர்மிளாவின் எதிரில் உட்கார்ந்து, அவளிடமே நிவேதிதாவின் படத்தைக் காட்டி, "அக்கா, இதே மாதிரி போடுவீங்களா?" என்பார்கள். போடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதைவிட நன்றாகவே போடுவாள். அடுத்த வாரம் அந்தப் பெண் கல்யாணப் படத்தைப் போட்டு, டிசைனுக்கு நன்றி என்று நிவேதிதாவின் பெயரை எழுதியிருக்கும். பொறாமைதான், வேறென்ன? ஷர்மிளாவும் அதை மறைப்பதில்லை. "உங்க பேஜ் பாத்துட்டு வந்தோம்கா" என்று ஒரே ஒரு பெண் தன்னிடம் சொல்லிவிட வேண்டும்; அதற்காகத் திருவேற்காட்டு அம்மனுக்கு வேண்டுதலே வைத்திருக்கிறாள்.

நடுவில் ஒரு மானக்கேடு நடந்தது. இன்ஸ்டாவில் ஸ்டோரி போட்டால், யார் யார் பார்த்தார்கள் என்பது போட்டவளுக்குத் தெரியுமாம். இது ஷர்மிளாவுக்குத் தெரியாது. ஒருநாள் நிவேதிதாவிடமிருந்தே செய்தி வந்தது: "அக்கா, டெய்லி நீங்கதான் ஃபர்ஸ்ட் பாக்குறீங்க. ரொம்ப தேங்க்ஸ்!" ஷர்மிளாவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. அன்றைக்கே மாமியார் ஜெகதாம்பாளின் பெயரில் இன்னொரு கணக்கைத் திறந்தாள். திருவேற்காட்டுக் கோயில் வாசலில் மாமியார் பட்டையாகக் குங்குமம் வைத்துக்கொண்டு நிற்கும் படத்தையும் போட்டாள். இனி எவளுக்குத் தெரியும்?

வேவு பார்ப்பதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே? நிவேதிதாவின் படத்துக்குக் கீழே ஜெகதாம்பாள் பேச ஆரம்பித்தாள். "பூ நல்லா கீது கண்ணு. நடுவுல காலி ஜாஸ்தி." "மாங்கா மூக்கு மழுங்கி கீதே." அடிக்கடி விழுந்த அடி இது: "மணிக்கட்டாண்ட கோடு தடிமன்." ஊர் பார்க்க மட்டம் தட்டிவிட்ட திருப்தியில் ஷர்மிளா அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிடுவாள்.

அந்தப் பெண் கோபித்துக்கொண்டால்தானே! "நீங்க சொல்றது சரிதான் அம்மா, அடுத்த தடவை திருத்திக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிடும். சொன்னபடி திருத்தியும்விடும். மாங்காய்க்கு மூக்கு வந்தது. மணிக்கட்டுக் கோடு மயிரிழையாக மெலிந்தது. "பாவி, என் வாயாலயே தேறிக்கினா" என்று ஷர்மிளா தலையில் அடித்துக்கொண்டாள். போதாததற்கு, நிவேதிதாவைப் பின்தொடர்கிறவர்கள், "ஜெகதாம்பாள் அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஷர்மிளா தன் பக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருக்க, அவளே பெற்ற ஜெகதாம்பாளுக்கு ரசிகர் கூட்டம்.

நிஜ ஜெகதாம்பாளுக்கு இதெல்லாம் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்தவள், "யாரோ ஒரு பொண்ணு எம் பேரச் சொல்லிக் கூப்டுச்சுடி. கட்டிப் புடிச்சி போட்டோ எத்துக்கினு போச்சு. நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம் நிவேதிதா எழுதினாள்: "அம்மா, ஒரே ஒரு தடவை உங்க கையில நான் மெஹந்தி போடணும். வீடு எங்கன்னு சொல்லுங்க, வந்துடுறேன்." வீட்டுக்கு வந்தால் ஷர்மிளாவின் குட்டு வெளியாகிவிடும். அவசரத்தில், "வேணாங் கண்ணு, எம் மருமவளே போடுவா" என்று தட்டிவிட்டாள். "அப்போ அதைப் போட்டோ எடுத்துப் போடுங்க அம்மா, எல்லாரும் பாக்கணும்" என்று பதில் வந்தது. கீழே நூற்றுக்கணக்கான பேர் ஆமாம் போட்டார்கள்.

மறுநாள் மத்தியானம் ஷர்மிளா மாமியாரின் கையைப் பிடித்தாள். "எனக்கு எதுக்குடி இதெல்லாம்? யாரு பாக்கப் போறா?" என்றாள் ஜெகதாம்பாள். "ஊரே பாக்கும். ஆட்டாதீங்க அத்தை." சுருங்கிய தோலில் கோடு இழுப்பது லேசில்லை. சுருக்கத்தின் போக்கிலேயே கொடி போனது. நரம்பு புடைத்த இடத்தில் தண்டு வந்தது. ஷர்மிளாவின் கை அத்தனை வருடத்தில் இப்படி ஓடியதில்லை. கோவிந்தராஜின் வெள்ளை வேட்டியை விரித்து, ஓரத்தில் இரண்டு மல்லிகையும் வைத்தாள். வைக்கும்போது யாரைப் பார்த்துக் கற்றோம் என்பது மனதில் உறைத்தது. உறைத்தால் உறைக்கட்டும் என்று, "எம் மருமவ ஷர்மிளா போட்டது" என்று எழுதி, தன் பக்கத்தின் பெயரையும் சேர்த்து ஜெகதாம்பாள் கணக்கில் போட்டாள்.

பொழுது சாய்வதற்குள் போன் சூடாகிவிட்டது. யார் இந்த ஷர்மிளா, எங்கே இருக்கிறாள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நூம்பலிலிருந்து வர்ஷா என்று ஒரு பெண், "அக்கா, உங்க பேஜ் பாத்துட்டுதான் கேக்குறேன். தை மாசம் எனக்குக் கல்யாணம், நீங்கதான் போடணும்" என்று எழுதியிருந்தாள். ஷர்மிளா அதைக் கோவிந்தராஜுக்கு வாசித்துக் காட்டினாள். மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். பால் பாக்கெட் வாங்கப் போன இடத்திலும் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். பதிலை ஆற அமரக் காலையில் எழுதலாம் என்று வைத்துவிட்டாள்.

காலையில் வாயில் பிரஷ்ஷோடு போனைத் திறந்தபோது, எல்லாவற்றுக்கும் மேலே நிவேதிதாவின் பெயர் இருந்தது. இதயம் இதயமாகப் போட்டுவிட்டு எழுதியிருந்தாள்: "அக்காவோட கொடி மாதிரி என்னால ஜென்மத்துக்கும் போட முடியாது அம்மா. நீங்க பாக்கக் கத்துக்குடுத்ததால ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காதீங்க. மணிக்கட்டுகிட்ட கோடு கொஞ்சம் தடிமனோ?"

"இவ யாரு எங் கோட்டக் கொற சொல்ல?" என்று நுரை தெறிக்கக் கத்தினாள் ஷர்மிளா. வர்ஷாவின் செய்தி பதில் போகாமல் கீழே கிடந்தது. வாயைக்கூடக் கொப்பளிக்காமல் கூடத்துக்கு வந்து, காபி குடித்துக்கொண்டிருந்த மாமியாரின் கையை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். செக்கச்செவேலென்று பிடித்திருந்தது. அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம், மணிக்கட்டில் அந்தக் கோட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தாள்.

"ஐயே, இன்னாடி பண்ற, தோலு உரியுது!" என்று ஜெகதாம்பாள் கையை உதறினாள்.

"ஆட்டாதீங்க அத்தை" என்று ஷர்மிளா பிடியை இறுக்கினாள்.